கல்வெட்டுக்குத் தேதி கேட்ட மேலாளருக்கு

ஐயா,
கடிதம் கிடைத்தது.
பொன்விழாவுக்குக் கறுப்புப் பளிங்கு வந்திறங்கிவிட்டதாகவும்
'முதல் திறந்த இதய அறுவை' என்ற வரிக்கு எதிரே
இன்னும் காலியாக இருப்பதாகவும்
பம்பை ஓட்டியவன் நான் என்பதால்
நாள் நினைவிருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இருக்கிறது.
எது முதல் என்பதில்தான் குழப்பம்.

உங்கள் பதிவேட்டில் உள்ளது ஐப்பசி மழைநாள்.
காசிமேட்டு மாசிலாமணி, வயது முப்பத்திரண்டு,
வால்வு சுருங்கி, படகுக் கயிற்றை இழுக்க மூச்சில்லாதவர்.
மார்பைத் திறந்த நேரம்
பேசின்பிரிட்ஜ் பக்கம் எங்கோ கம்பி அறுந்தது.
ஐஸ் பெட்டி அதற்கு முந்தைய நாளே செத்திருந்தது.
வார்டுபாய் அயூப் ரிக்ஷாவில் போய்
மீன் துறைமுகத்து ஐஸ் பாளம் ஒன்றை
உமியும் சாக்கும் சுற்றிக் கொண்டுவந்தார்.
படிக்கட்டிலேயே சுத்தியலால் உடைத்து
சலைன் பாட்டில்களை அதில் புதைத்தோம்.
அந்தக் குளிரில்தான் அவர் இதயம் நின்றது.

நான் கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன்.
நாற்பத்தோரு நிமிடம்
ஒரு மனிதனின் ரத்தம் என் தோள்பட்டையில் ஓடியது.
மழை வந்தால் இன்றும் அது எனக்கு வலிக்கும்.

கிடுக்கியை எடுத்தார் டாக்டர் தேவசகாயம்.
ஒன்றுமில்லை.
பிறகு ஒரு கோணல் துடிப்பு.
பிறகு ஒன்று.
பிறகு, யோசனை.
பிறகு தன் வேலை அதற்கு ஞாபகம் வந்துவிட்டது.

நான்காம் நாள் விஷயம் கேள்விப்பட்டு
மாசிலாமணி கேட்டார்:
"மீனுக்குப் போடற ஐஸா சார்?
அப்போ கெட்டுப்போவாது, வுடு."

இது கல்லுக்குப் பொருத்தமான கதை.
தேதியை இணைத்திருக்கிறேன்.

ஆனால் அதற்கு ஏழு மாதம் முன்னால்
சித்திரை வெயிலில்
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அருகிலிருந்து வந்தாள்
சகாயராணி. பதினொன்று.
அன்று மின்சாரம் இருந்தது, ஐஸ் இருந்தது, எல்லாம் இருந்தது.
இரண்டு மணி பத்து நிமிடம் பம்ப் ஓடியது.
திருப்பிக் கொடுத்தபோது
அவள் இதயம் வாங்கிக்கொள்ளவில்லை.

குழாயில் ஒரு காற்றுக் குமிழி.
கடுகைவிடச் சிறியது.
அதன்பின்தான் வடிகட்டியை மாற்றினோம்.
மாசிலாமணியின் ரத்தம் கடந்தது
அவளுக்குப் பிறகு வந்த வடிகட்டியை.

அவள் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்:
"அந்த மிஷினு எம்மா நேரம் அவளுக்கா மூச்சு வுட்டுது?"
சொன்னேன்.
"அப்போ அதுவும் அவ வயசுல சேத்திதானே?"

மருத்துவமனை இதற்குப் பதில் வைத்திருக்கவில்லை.

தொண்டைவலியில் தொடங்கிய நோய் அது,
வால்வைத் தின்ன வந்த காய்ச்சல்.
அந்தச் சித்திரைக்குப் பிறகு டாக்டர் குமுதினி
வியாசர்பாடியில் சந்து சந்தாகப் போனார்,
பஞ்சுக்குச்சியும் நோட்டும் எடுத்துக்கொண்டு.
"வாயைத் திற கண்ணு, ஆ சொல்லு."
ஆறு வருடம். நாலாயிரம் ஆ.
தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு
மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின்,
அழுதாலும் ஓடினாலும்
குழாயடி வரை துரத்திப் பிடித்து.

உங்கள் வரைவில் அது கடைசி வரி, சின்ன எழுத்தில்.
புகைப்படம் இல்லையாம்.
இருக்காதுதான்.
எங்கள் மேஜைக்கு வராமலே வளர்ந்து
இன்று பேரன் எடுத்தவர்களை
எந்த வாசலில் நிறுத்திப் படம் எடுப்பது?

ஆகவே இரண்டு தேதிகள் தந்திருக்கிறேன்.
ஒன்றுக்குத்தான் இடமென்றால்
நீங்கள் நினைத்ததையே போடுங்கள்.
சண்டைக்கு வரமாட்டேன்.
அந்த வரிக்கு மேலே மட்டும்
ஒரு விரல்கடை வெறுமையாக விடச் சொல்லுங்கள்,
செதுக்குபவர் காரணம் கேட்கமாட்டார்.

இப்படிக்கு,
ப. ஏகாம்பரநாதன்,
பம்ப் டெக்னீஷியன் (ஓய்வு),
தண்டையார்பேட்டை.

பி.கு.
அந்த ஐஸ் பாளம் பன்னிரண்டு ரூபாய்.
அயூப் கையிலிருந்து கொடுத்தார்.
ரசீது இல்லையென்று கணக்குப் பிரிவு திருப்பிவிட்டது.
அவர் மகன் இப்போது மூலகொத்தளத்தில் இருக்கிறான்.
முகவரி பின்பக்கம்.